அந்த 'டொக்' எங்கிருந்து வருகிறது?

மழை விட்ட ஒரு காலை நேரம். பள்ளியின் சைக்கிள் கொட்டகைக்குள் படிவம் 2 மாணவன் ஒருவன் நுழைந்தான். அவனுக்கு முன்னால் அவனுடைய சைக்கிளின் சத்தம் நுழைந்தது. டொக்... டொக்... டொக். ஈரச் செம்மண் ஒட்டிய பழைய இரும்புச் சைக்கிள். தோட்டத்தில் வேலை செய்த அவனுடைய தாத்தா வாங்கியது. தாத்தாவுக்குப் பிறகு மாமா ஓட்டினார், இப்போது இவன் ஓட்டுகிறான்.

"ரெண்டு வாரமா இப்படித்தான் சார். எண்ணெய் ஊத்திப் பாத்துட்டேன். கேக்கவே மாட்டேங்குது."

கேட்டவுடனே பதில் சொல்லிவிட்டேன். அறிவியல் ஆசிரியர் அல்லவா! ஆனால் நான் சொன்ன பதில் தவறு. சரியான பதிலைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளில் நாங்கள் செய்ததைத்தான் இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். பீடோங் வட்டாரத்தில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் செம்பனைத் தோட்டத்துச் சாலை வழியாகச் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறீர்கள். உங்களில் யாராவது ஒருவருடைய சைக்கிளும் இந்நேரம் முனகிக்கொண்டுதான் இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் காது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சரியாகச் சொல்லாது. நமக்கு இரண்டு காதுகள் இருப்பது ஏன்? இடப்பக்கம் எழும் சத்தம் இடது காதுக்கு ஒரு கணம் முன்னதாகவும் வலது காதுக்கு ஒரு கணம் பின்னதாகவும் போய்ச் சேரும். அந்த இடைவெளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இருந்தாலும் மூளை அதைக் கவனித்து, 'இடப்பக்கம்' என்று சொல்லிவிடும். ஆனால் சைக்கிளை எண்ணிப் பாருங்கள். முன்சக்கரம், ஹேண்டல், பெடல் அச்சு, சீட், பின்சக்கரம் எல்லாமே உங்கள் மூக்குக்கு நேர்கோட்டில், உடலை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தளத்தில் இருக்கின்றன. அங்கே எழும் எந்தச் சத்தமும் இரண்டு காதுகளுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும். மூளைக்குத் துப்புக் கிடைக்காது.

இது போதாது என்று சைக்கிளின் சட்டம் வேறு குழப்புகிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் போகும். எஃகில் அது நொடிக்கு ஏறத்தாழ 5000 மீட்டர். ஒரு முனையில் 'டொக்' என்றால் சட்டம் முழுவதும் கிட்டத்தட்ட அதே கணத்தில் அதிர்ந்துவிடும். அந்தச் சட்டமோ உள்ளே கூடான குழாய். புல்லாங்குழலும் மிருதங்கமும் போல, உள்ளே காற்று நிறைந்த கூடு சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கக்கூடும்.

சைக்கிள் சத்தம் காதை ஏமாற்றியதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கிலிருந்து கெடாவுக்குள் இறங்கியது. ஜித்ராவில் சண்டை, அடுத்து குருணில் சண்டை. குருணிலிருந்து தெற்கே சுங்கைப்பட்டாணிக்கு வரும் பழைய பெருஞ்சாலையில்தான் நம் பீடோங் இருக்கிறது. அந்தப் படையினர் பல்லாயிரம் பேர் சைக்கிளில் வந்தார்கள். வெயிலிலும் சூட்டிலும் டயர்கள் வெடித்தபோது, டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். தார்ச்சாலையில் நூற்றுக்கணக்கான இரும்பு ரிம்கள் உருண்டால் எப்படி இருக்கும்? இரவில் அந்த இரைச்சலைக் கேட்டு, டாங்கிகள் வருகின்றன என்று எண்ணி எதிர்ப்படையினர் பின்வாங்கியதாக, அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்ட அதிகாரிகளில் ஒருவரான மசநோபு சுஜி பிற்பாடு எழுதினார். வென்றவர் எழுதியது என்பதால் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் இருட்டில் கேட்கும் ஒரு சத்தத்துக்குப் பயமும் சேர்ந்தால் காது எதை வேண்டுமானாலும் நம்பும் என்பது உண்மைதான்.

சரி, எங்கே என்று காது சொல்லாது. ஆனால் எப்போது என்று அது துல்லியமாகச் சொல்லும். நமக்குக் கைகொடுப்பது அந்தத் திறமைதான்.

சைக்கிளில் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வேகத்தில் சுற்றுகிறது. இந்த மாணவனின் சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 46 பற்கள், பின் பல்சக்கரத்துக்கு 18. 46ஐ 18ஆல் வகுத்தால் 2.56 வரும். அதாவது, பெடல் ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டரை முறைக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். சங்கிலியில் 112 கண்ணிகள். பெடலின் ஒரு சுற்றுக்கு 46 கண்ணிகள் நகரும் என்றால், சங்கிலி ஒரு முழுச் சுற்று வர பெடல் 2.43 முறை சுற்ற வேண்டும். ஆகவே, ஒரு மிதிச் சுற்றுக்கு ஒரு முறை சத்தம் வந்தால் பெடல், கிராங்க், அதன் அச்சு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று முறை வந்தால் சக்கரம். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தால் சங்கிலி. ஒரு கருவியும் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

அவனைத் திடலில் ஓட்டச் சொல்லி எண்ணினேன். 20 மிதிச் சுற்று, 20 டொக். ஒவ்வொன்றும் வலது கால் கீழே இறங்கும்போது வந்தது. எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. "காட்டர் பின்!" என்றேன். கிராங்கையும் அச்சையும் இணைக்கும் ஆப்பு வடிவ ஊசி அது. தேய்ந்துபோனால் மிதிக்கும்போதெல்லாம் சரியாக இப்படித்தான் தட்டும். அன்று மாலையே அவன் சைக்கிள் கடைக்குப் போய் இரண்டு புதிய காட்டர் பின்கள் போட்டுக்கொண்டான். கைச்செலவுக் காசு.

மறுநாள் காலை கொட்டகைக்குள் முதலில் நுழைந்தது அதே டொக்.

என் தவறு எங்கே என்று யோசித்துப் பாருங்கள். எண்ணிக்கை சரிதான். சத்தம் பெடலோடு ஒத்துப் போனதும் உண்மைதான். ஆனால் பெடல் சுற்றும்போது அதே தாளத்தில் வேறு என்னென்ன அசைகின்றன? வலது காலால் அழுத்தினால் உடல் ஒரு பக்கம் சாயும், சீட் நெளியும். கால் அழுத்தும் விசையை ஈடுகட்ட, கை தன்னையறியாமல் ஹேண்டலை மேலே இழுக்கும். சட்டமே மயிரிழை அளவு வளைந்து நிமிரும். இவை எல்லாம் ஒரு மிதிச் சுற்றுக்கு ஒரு முறைதான் நடக்கின்றன. நான் பெடலை நினைத்தேன், பெடலை மிதிக்கும் பையனை மறந்துவிட்டேன். இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. வகுப்பில் மாறிகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது இதை நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

எனவே ஒழுங்காகத் தொடங்கினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, அதற்கு முன் எந்தத் திருகையும் தொடாதது, எண்ணெய் ஊற்றாதது. எண்ணெயை எல்லா இடத்திலும் ஊற்றினால் சத்தம் நின்றாலும் எது காரணம் என்று தெரியாமல் போகும். அது ரிம்மிலோ பிரேக் கட்டையிலோ பட்டால் பிரேக் பிடிக்காது. இந்த இரண்டாவது ஆபத்தைத் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் சோதனை, மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருளவிடுவது. டொக் நின்றுவிட்டது, ஆகவே சக்கரமில்லை. (மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரத்திலிருந்து வரும் 'டிக்டிக்டிக்' குறையல்ல. அது ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சின்ன நாக்குகள் பற்களின் மேல் தாவும் ஓசை.) இரண்டாவது சோதனையில் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தான். சத்தம் நிற்கவில்லை, இன்னும் கூடியது. சீட் குற்றவாளி இல்லை என்று விடுதலை செய்தோம். மூன்றாவதாக, திடலின் சமதளத்தில் மெதுவாக, ஹேண்டலை இழுக்காமல் லேசாகத் தொட்டுக்கொண்டு மட்டும் ஓட்டச் சொன்னேன்.

சத்தமே இல்லை.

"சார்!" என்று அங்கிருந்தே கத்தினான். எனக்கோ அடிவயிற்றில் ஏதோ செய்தது.

வண்டியை நிறுத்தி இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வலது பெடலில் அவன் ஏறி நின்றான். ஒன்றுமில்லை. ஹேண்டலின் வலது பக்கத்தை மேலே இழுத்தான். டொக். ஒரு மர அடிக்கோலின் ஒரு முனையை ஹேண்டலின் கழுத்தில் ஊன்றி, மறுமுனையை என் காதோரத்து எலும்பில் வைத்துக் கேட்டேன். மெக்கானிக்குகள் இதற்கு நீண்ட திருப்புளியைப் பயன்படுத்துவார்கள். திடப்பொருள் வழியாக வரும் ஒலி அதிகம் சிதறாமல் காதை வந்தடையும். கழுத்தில் வைத்தபோது யாரோ காதருகே சுத்தியலால் தட்டியது போல் இருந்தது. பெடல் அச்சில் வைத்தபோது மங்கலாகக் கேட்டது. நிற்கும் வண்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள். சக்கரம் சுற்றும்போது விரலையோ கோலையோ அருகில் கொண்டுபோகக் கூடாது.

இழுக்கும்போது ஏன் 'டொக்' என்ற தனித்தனிச் சத்தம் வருகிறது, ஏன் தொடர்ந்து உரசவில்லை? மலாய்ப் பாடநூலில் 'கெசெரான்' என்று படித்த உராய்வுதான் விடை. ஒன்றையொன்று அழுத்தி நிற்கும் இரண்டு பரப்புகளை நகர்த்தத் தொடங்குவது கடினம், தொடங்கிய பின் நகர்த்திக்கொண்டே இருப்பது எளிது. கனமான மேசையைத் தள்ளியவர்களுக்கு இது தெரியும். ஆகவே விசை ஏற ஏறப் பரப்புகள் ஒட்டியே நிற்கும், உலோகம் வில் போல வளைந்து ஆற்றலைச் சேர்த்துவைக்கும். ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போய்ச் சட்டென்று நழுவும், மறுபடி ஒட்டும். இந்த ஒட்டு-நழுவு ஆட்டம் நொடிக்கு ஒருமுறை நடந்தால் டொக். நொடிக்கு நூற்றுக்கணக்கில் நடந்தால் அதுவே 'கிரீச்'. துருப்பிடித்த கதவு கீல் கிரீச்சிடுவதும் வயலின் வில் கம்பியில் இசை எழுப்புவதும் இதே ஆட்டத்தால்தான்.

பூமியும் இதைத்தான் செய்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பல காலமாக ஒட்டிக்கிடந்த இரண்டு நிலத்தட்டுகள் நழுவின. அதில் எழுந்த சுனாமி அன்றே நமது கோலமூடா கடற்கரைக் கிராமங்களையும் தாக்கியது. நான் அப்போது பள்ளிப் பிள்ளை. வீட்டில் பெரியவர்கள் வானொலியை விட்டு அகலாமல் இருந்தது நினைவிருக்கிறது. சைக்கிள் ஹேண்டலுக்கும் நிலநடுக்கத்துக்கும் ஒரே இயற்பியல் என்று கல்லூரியில் படித்தபோது நான் உடனே நம்பவில்லை.

நம் கதைக்கு வருவோம். ஹேண்டலைப் பிடித்திருந்த திருகைத் தளர்த்திக் குழாயை வெளியே எடுத்தோம். கவ்வியின் உள்ளே செம்மண் தூசியும் துருவும் கலந்து அப்பியிருந்தன. 'அவ்வளவுதான், அழுக்குதான் காரணம்' என்று துடைத்துப் பூட்டிவிட்டிருப்பேன். அந்த மாணவன்தான், "சார், இங்க ஒரு கோடு மாதிரி இருக்கு," என்றான். குழாய் கவ்வியை விட்டு வெளியே வரும் விளிம்பில், துருவுக்கு நடுவே தலைமுடி போல ஒரு கோடு. கீறலா, விரிசலா? கண்ணால் சொல்ல முடியவில்லை.

இதற்கு ரயில்வே பட்டறைகளில் பல காலம் புழங்கிய ஒரு பழைய முறை இருக்கிறது. குழாயைச் சுத்தமாகத் துடைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவினோம். பத்து நிமிடம் கழித்து மேற்பரப்பை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பொடித்த சுண்ணக்கட்டியை மெல்லியதாகத் தூவினோம். (வெண்பலகை வந்த பிறகு பள்ளியில் சுண்ணக்கட்டி தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது!) வெறும் கீறலாக இருந்தால் தூள் வெள்ளையாகவே இருக்கும். விரிசலாக இருந்தால் அதனுள் நுண்புழை விளைவால் புகுந்திருக்கும் எண்ணெயைச் சுண்ணத்தூள் உறிஞ்சி வெளியே இழுக்கும். சிறிது நேரத்தில் வெள்ளைத் தூளின் நடுவே ஈரமான கருங்கோடு ஒன்று தெரிந்தது. அது குழாயின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு வரை நீண்டு வளைந்து போயிற்று.

இருவரும் சற்று நேரம் பேசவில்லை. அவன் வீட்டிலிருந்து வரும் வழியில் ஓர் இறக்கம் உண்டு, அதன் அடியில் லாரிகள் ஓடும் பெருஞ்சாலைச் சந்திப்பு. பிரேக் பிடிக்கும்போது உடலின் எடை முழுவதும் முன்னால் சாய்ந்து ஹேண்டலில்தான் விழும்.

இரும்புக் குழாய் எப்படி விரிந்தது? யாரும் அதைச் சுத்தியலால் அடிக்கவில்லை. ஒரு கணக்குப் போடுங்கள். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். அதை 2.56ஆல் பெருக்கினால், ஒரு மிதிச் சுற்றுக்கு 5.3 மீட்டருக்குச் சற்று மேல். பள்ளி 3 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 560 சுற்று. போக வர 1120. ஆண்டுக்கு 190 பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு சுற்றிலும் வலது கை ஒரு முறை, இடது கை ஒரு முறை. ஆக, ஒரே ஓர் ஆண்டில் அந்தக் குழாய் நான்கு லட்சம் தடவை வளைந்து நிமிர்கிறது. தாத்தா காலத்திலிருந்து எத்தனை ஆண்டு? எந்த ஒரு தனி இழுப்பும் அதை உடைக்கப் போதாது. ஆனால் திரும்பத் திரும்ப வளையும் உலோகத்தில், துரு அரித்த ஒரு சிறு பள்ளத்தில் நுண்ணிய விரிசல் பிறந்து, ஒவ்வொரு வளைவுக்கும் இம்மியளவு நீளும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1842இல் பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குப் போன ரயிலின் இஞ்சின் அச்சு இப்படித்தான் முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிற்பாடு ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகளை ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் வளைத்து வளைத்துச் சோதித்து இந்தச் சோர்வை அளந்து காட்டினார். ரயில் நிலையங்களில் சக்கரங்களை நீண்ட சுத்தியலால் தட்டிக்கொண்டு போகும் வேலைக்கே ஆட்கள் இருந்தார்கள். நல்ல சக்கரம் ணங் என்று ஒலிக்கும், விரிசல் விழுந்தது மொத்தென்று ஒலிக்கும். பொங்கலுக்கு மண்பானை வாங்கும்போது பாட்டி சுண்டிப் பார்ப்பாரே, அதே சோதனை.

எல்லா டொக்கும் விரிசல் என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அழுக்கும் தளர்ந்த திருகும்தான். சக்கரத்தின் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் நெருக்கிப் பாருங்கள், கிரீச்சிட்டால் கம்பிகள் குறுக்கே தொடும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது 'லொட்' என்றால் கழுத்துப் பேரிங் தளர்ந்திருக்கிறது. மட்கார்டு, சைடு ஸ்டாண்டு, ஏன், பூட்டுச் சங்கிலிகூடச் சத்தம் போடும். ஒருமுறை நானே அரை மணி நேரம் தேடிய 'டிக்' என் காலணிக் கயிற்றின் நுனி கிராங்கில் பட்ட ஓசை. ஆனால் ஹேண்டல், முன் ஃபோர்க், கிராங்க் கை, சட்டத்தின் மூட்டுகள் ஆகியவற்றிலிருந்து சத்தம் வந்தால், கழற்றித் துடைத்துக் கோடு ஏதும் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் கண்ட பாகத்தை வெல்டிங் வைத்து ஒப்பேற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அன்று அவன் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனான், நானும் கூடவே நடந்தேன். காட்டர் பின் காசு விரயமானதற்கு நான்தான் காரணம் என்பதால் ஹேண்டலுக்கு நான் பணம் கொடுத்தேன். கடைக்காரர் விரிசல் விழுந்த குழாயைப் பிடிகருவியில் மாட்டி, ஒரு பக்கம் இரும்புக் குழாயைச் செருகி இழுத்தார். இரண்டாவது இழுப்பில் கையோடு வந்துவிட்டது. உடைந்த முகத்தில் ஒரு பகுதி பழைய துருவோடு கருத்திருந்தது, மற்றப் பகுதி புதிய வெள்ளியாக மின்னியது. அந்த மின்னும் பகுதிதான் இத்தனை நாள் அவனைத் தாங்கியிருந்தது. அந்தத் துண்டு இப்போது எங்கள் அறிவியல் கூடத்து அலமாரியில் இருக்கிறது.

திங்கட்கிழமை அவன் வந்தபோது கொட்டகை அமைதியாக இருந்தது. ஓய்வு நேரத்தில் என்னைத் தேடி வந்தான்.

"சார், டொக் போயிருச்சு. ஆனா இப்ப வேற ஒரு சின்ன 'டிக்' கேக்குது. முன்னாடி டொக் சத்தத்துல அது கேக்கலபோல."

"சரி, எங்க இருந்து வருது?"

"எங்கன்னு தெரியல சார். எண்ணிட்டேன். அஞ்சு மிதிக்கு ரெண்டு தடவ." கொஞ்சம் நிறுத்தி, "சங்கிலியில ஒரு கண்ணி இறுகியிருக்கணும். சாயங்காலம் 112 கண்ணியையும் ஒவ்வொண்ணா மடக்கிப் பாக்கப்போறேன்" என்றான்.